மூன்றாவது பொத்தான்

கல்லா மேசையின் இழுப்பறையில், ஊசி டப்பாவுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே ஒரு மெரூன் நூல்கண்டு கிடக்கிறது. முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. கொடைக்கானல் பஜாரில் உள்ள இந்த ஸ்வெட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. எத்தனையோ நிறத்து நூல்கண்டுகளைத் தீர்த்திருக்கிறேன். இதை மட்டும் சீக்கிரம் தீர்த்துவிட மனம் வராமல் ஒரு முழம் ஒரு முழமாகத்தான் எடுக்கிறேன். இந்த நூலால் என் கையால் தைத்த ஒரு பொத்தானை, தெரியாது என்று ஒருநாள் நாலு பேர் முன்னால் சொன்னேன்.

எனக்குப் பேச வராது. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஸ்வெட்டர் கடை வேலை எனக்குத் தோதாக இருந்தது. பிரித்துக் காட்டவேண்டும், மறுபடி மடிக்கவேண்டும், தளர்ந்த பொத்தானைத் தைக்கவேண்டும். பேச்செல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சீசன் நாட்களில் கேட்டவர்களுக்கு மட்டும்தான் பில். உள்ளூர்க்காரர்கள் விஷயம் வேறு. மேல்மலையில் இருக்கும் கிளாவரை கிராமத்திலிருந்து காய் ஏற்றி வருகிறவர் அளவு சரியில்லை என்று ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தாலும், முகத்தைப் பார்த்தே மாற்றிக் கொடுத்துவிடுவார். வெளியூர்க்காரர்கள் மலை இறங்கிவிட்டால் அதோடு சரி. "ஒரு ஸ்வெட்டருக்காக எவன் இத்தன கொண்டை ஊசி வளைவு ஏறி வரப்போறான்?" என்பார். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். என் காலத்தில் அப்படி ஏறி வந்தவர் ஒரே ஒருவர்.

அந்த அம்மா முதலில் வந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. ஐம்பது வயது இருக்கும். பழனி அடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டும் துளசி மாலையும் விற்கிற கடை அவருடையது. மகனுக்குப் பட்டாளத்தில் வேலை கிடைத்திருந்தது. "காஷ்மீர்ப் பக்கம் போட்டாலும் போட்டுருவாங்களாம் தாயி. அங்கன பனிக்கட்டியா கெடக்குமாம்ல. இருக்கறதுலயே கனமானதா எடு" என்றார். நாலைந்து எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கருநீல ஸ்வெட்டர் பிடித்தது. அதில் கழுத்திலிருந்து மூன்றாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நீல நூல் தீர்ந்துபோயிருந்ததால் மெரூன் நூலைக் கோத்துத் தைத்தேன். நிறம் மாறுகிறதே என்று நான் தயங்கியதைப் பார்த்து, "அவன் பொத்தானையா பாக்கப் போறான்? பனியில எதுத்தாப்புல நிக்கிற ஆளே தெரியாதாம்" என்று சிரித்தார். பில் போடட்டுமா என்பதுபோல அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் புறங்கையை அசைத்தார். அடுத்த ஆளைப் பார் என்று அர்த்தம். நானும் அடுத்த ஆளைப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் அவர் திரும்பி வந்தார். ஒரு கையில் அதே பை. இன்னொரு கையில் நசுங்கிப்போன எலுமிச்சம்பழம். பஸ்ஸில் குமட்டாமல் இருக்க வழியெல்லாம் முகர்ந்துகொண்டு வந்திருக்கிறார். கடையில் ஒரு வெளியூர்க் குடும்பம் சால்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"பட்டாளத்துலயே எல்லாம் குடுத்துருவாங்களாம் முதலாளி. இத எதுக்கு என் தலையில கட்டுறன்னு வீட்டுலயே போட்டுட்டுப் போயிட்டான். ஒரு தடவகூடப் போடல. எடுத்துக்கிட்டுப் பணத்தக் குடுங்க. இல்லேன்னா ஒரு கம்பளியாவது குடுங்க."

அண்ணாச்சி சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதியிருந்தது. "பில்லாவது இருக்காம்மா?"

"நீங்க குடுத்தாத்தானய்யா இருக்கும்?"

சால்வை பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அண்ணாச்சியின் முகம் மாறியது. "இது நம்ம கடைச் சரக்கே இல்லையேம்மா. பஜார்ல இருபது கடை கெடக்கு. எங்க எடுத்தீகளோ?"

"இந்தா நிக்குதுல்ல, இந்தத் தாயிதான் எடுத்துக் குடுத்துச்சு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையசைத்தாலே போதும். "எனக்கு ஞாபகம் இல்லீங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா சண்டை போடவில்லை. மேசை மேல் ஸ்வெட்டரை விரித்து மடிக்கத் தொடங்கினார். மூன்றாவது பொத்தானில் விரல் நின்றது. என் இழுப்பறை பாதி திறந்திருந்தது. மெரூன் கண்டு மேலாகவே கிடந்தது. அவர் பொத்தானைப் பார்த்தார், கண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பில்லைவிடப் பெரிய அத்தாட்சி அவர் விரலுக்கு அடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணாச்சியால் மறுத்திருக்க முடியாது. அந்த அம்மாவோ அந்தப் பொத்தான் உள்ளே போகும்படி ஸ்வெட்டரை மடித்தார். "கூட்டத்துல எத்தன மூஞ்சியத்தான் நீயும் பாப்ப. மறந்துருக்கும் தாயி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.

அன்று சாயங்காலம் வாசலில் தொங்கிய குல்லாய்களை உள்ளே எடுத்துவைக்கும்போது, "அந்தப் பொத்தான் நான் தச்சது அண்ணாச்சி" என்றேன். அவரிடம் நானாகப் பேச்செடுத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் என் கையிலிருந்த குல்லாய்களை வாங்கி மேசை மேல் வைத்தார். "நம்ம சரக்கு எனக்குத் தெரியாதா புள்ள? குடுத்தாத்தான இருக்கும்னு அது கேக்கவும், அந்தப் பிள்ளைக சிரிக்கவும், வாயில பொய்தான் வந்துச்சு. அதுல உன்னையும் இழுத்துவிட்டுட்டேன்." பிறகு, "பழனிக்குப் போனா பாத்துச் சொல்லு. கொண்டாந்தா கம்பளி குடுத்துருவோம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பிரசவத்துக்கு மூன்று மாதம் வேலையை வேறு யாருக்கும் தராமல் வைத்திருந்தவர். மறுநாள் காலை பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் என் பக்கம் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து கேட்காதவர்களுக்கும் பில் போட்டேன்.

பல வருடம் கழித்து, என் மகள் பள்ளியில் நுகர்வோர் மன்றத்தில் சேர்ந்தபோது இதை அவளிடம் சொன்னேன். பிடிக்கவில்லை என்று கொண்டுவருவதையெல்லாம் கடைக்காரர் எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லையாம். பழுதான பொருள் என்றால் பலகையைக் காட்டித் தப்பிக்க முடியாதாம். "ஆனா பில்லு குடுக்காததே கடையோட தப்பும்மா. நீங்களே குடுக்காம விட்டுட்டு, பில்லு எங்கன்னு எப்படிக் கேப்பீங்க?" என்றாள். அந்த அம்மா கேட்டதும் இதைத்தான்.

அந்த அம்மா ஸ்வெட்டரோடு திரும்பிப் போன வருடமே, மார்கழியில், நாத்தனார் பிள்ளைக்கு மொட்டை போடப் பழனிக்குப் போனோம். வளைவுக்கு வளைவு, சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். மற்றவர்கள் மொட்டை போடும் இடத்தில் வரிசையில் நிற்க, நான் அடிவாரத்துக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அத்தனை கடைகளில் எங்கே தேடுவது? யாரிடமும் கேட்கவும் வாய் வரவில்லை. அப்போதுதான் ஒரு கடை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணில் பட்டார். வேட்டிக்கு மேல் கருநீல ஸ்வெட்டர். மூன்றாவது பொத்தானில் மெரூன் நூல்.

உள்ளே அந்த அம்மா தட்டுகளில் தேங்காய் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தாயி, உக்காரு" என்றார், தினம் வருகிறவளைக் கூப்பிடுவதுபோல.

"அன்னைக்கு எனக்கு ஞாபகம் இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துக் குடுத்தேன். பொய் சொல்லிட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. "அது தெரியாமலா? உன் மூஞ்சியே சொல்லுச்சு. அங்க வச்சு நான் பொத்தானக் காட்டியிருந்தா, உன் சோலிக்கில்ல வேட்டு வந்துருக்கும்." அடுத்த தட்டை எடுத்தார். "ஆனா பஸ்ஸுல அழுதுக்கிட்டேதான் வந்தேன் தாயி. காசுக்காக இல்ல. நாலு பேரு முன்னாடி பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டுப் போறமேன்னுதான்."

ஸ்வெட்டரைக் கொண்டுவந்தால் கம்பளி தருவதாக அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மா வாசலில் இருந்த பெரியவர் பக்கம் திரும்பி, "கேட்டீகளா, ஸ்வெட்டர எடுத்துக்கிறாகளாம், கழட்டுங்க" என்றார்.

"எம்மவனுக்கு எடுத்தது. நான் எதுக்குக் கழட்டணும்?" பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துவரை பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா? வெயில் ஏறினா வேர்த்து ஊத்தும். அப்பவும் கழட்டமாட்டாரு. மகன் நெனப்பு வந்தா மத்தியானத்துலகூட எடுத்து மாட்டிக்குவாரு."

ஒரு அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு எழுந்தேன். "பில்லு போடவா தாயி?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் பிடித்தது.

அண்ணாச்சி இப்போது இல்லை. கடையை அவர் மகன் நடத்துகிறார். பலகையை எடுத்தாயிற்று. பில்லை இயந்திரமே அடித்துத் துப்புகிறது. வாங்குகிறவர்கள் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு தெருவரைக்கும் ஓடுகிறேன். இன்னும் காசு கேட்க வருகிறேனோ என்று சிலர் பயந்து திரும்பிப் பார்ப்பார்கள். கையில் திணித்துவிட்டு வந்துவிடுவேன்.

டப்பாவில் இப்போது நீல நூல் எப்போதும் இருக்கிறது. ஆனாலும் நீல ஸ்வெட்டரில் பொத்தான் தளர்ந்திருந்தால், மெரூன் கண்டிலிருந்துதான் ஒரு முழம் எடுத்துக் கோக்கிறேன். எந்த பில்லும் இல்லாமல் யாராவது அதைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தால், இது நான் தைத்ததுதான் என்று முதல் ஆளாகச் சொல்லவேண்டும்.