உழுத கொல்லையில் கால் வைத்த நாள்

என் மகள் பின்வாசலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி மண் தரை. சிமெண்டுப் படியை விட்டு நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. என் மனைவி கிரேஸ் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள். உள்ளே கொண்டுபோய்க் காயத்தைக் கழுவினாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சபையாரே, நான் மிலிட்டரித் திமிர் பிடித்தவன், அதனால்தான் ஆராதனைக்கு வருவதில்லை என்று உங்களில் பாதிப் பேர் பேசிக்கொண்டீர்கள். எனக்குத் தெரியும். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் கோவிலுக்கு வருகிற பாதை மண் பாதை. அதில் நடக்க எனக்குப் பயம். அவ்வளவுதான் திமிர்.

எல்லையில் வேலை பார்த்தபோது கண்ணிவெடியில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கினார்கள். நன்றாகவே நடந்தேன், டைல்ஸ் தரையில். இலுப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற நம் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மண்ணைப் பார்த்தாலே எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது என்று. தார் ரோடு, சிமெண்டுத் தரை தவிர வேறெதிலும் கால் வைக்க மாட்டேன். இரண்டு வருடம் இப்படிக் கிடந்தேன். பென்ஷன் வந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் முப்பத்தாறு வயதில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜெபம் பண்ணுவதையும் விட்டுவிட்டேன். ஆண்டவர் மேல் அவ்வளவு கோபம்.

கிரேஸ் விடவில்லை. காயம்பட்டுத் திரும்பிய ராணுவத்தாருக்குப் புதுக்கோட்டையில் தொழிற்பயிற்சி தருகிறார்கள், போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற வேலை என்று எங்கேயோ கேட்டுவந்து, என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். "ஒக்காந்து பாக்குற வேலதாங்க. தரையெல்லாம் சிமெண்டு. நான் நேர்ல போயிப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றாள். தரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போய்ச் சேர்ந்தேன். செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, மோட்டாருக்குள் இறக்கிக் கட்டுவேன். கை நன்றாக ஓடியது. ஆனால் பயிற்சி தந்த சண்முகம் மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். காயில் கட்டியவனே அந்த மோட்டாரைப் போர்வெல்லுக்குள் இறக்கும்போது கூட நிற்க வேண்டும். ஒயரை இணைத்து, தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவன் தொழில் கற்றவன். போர்வெல் எங்கே இருக்கும்? கடலை விதைக்கிற கொல்லை நடுவில்தான் இருக்கும்.

முதல் தடவை கால் வலி என்று பொய் சொன்னேன். இரண்டாம் தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாம் தடவை மாஸ்டர் என் முகத்தையே பார்த்தார். "ஜேம்ஸ், ஒங்களுக்கு என்ன பயம்னு நான் கேக்கல. நாளைக்கு வரலைன்னா ஒங்க எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அவரும் அடிபட்டு வந்தவருதான், காத்துக்கிட்டிருக்காரு."

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் சொன்னேன். "ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

"எனக்கு வராது."

"வரலைன்னே சொல்லுங்க அவருகிட்ட."

மறுநாள் காலை, மோட்டார் இறக்க வேண்டிய குன்றாண்டார்கோவில் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோட்டை ஒட்டிப் புதிதாக உழுத செம்மண். மோட்டாரை ஏற்றிய டிராக்டர் மறுபக்கமாகப் போய், மாஸ்டரும் ஆட்களும் நடுக்கொல்லையில் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். நூறு அடி இருக்கும். நடுவில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. கடலை விதைக்கிற மண்தானே என்று புத்தி சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. இல்லாத இடது பாதம் சுரீரென்று வலிக்கிறது. கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தேன். பஸ் வந்தால் திரும்பிப் போய்விடலாம் என்று ரோட்டையும் பார்த்தேன். போய்விட்டால் இனி வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அங்கேதான் வாய் திறந்தேன். "ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ண வரல. பயமா இருக்கு. எனக்கு முன்னால யாரையாச்சும் நடக்க வையும்."

பின்னால் வளையல் சத்தம். கொல்லைக்கார அம்மா பஞ்சவர்ணம், ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். "என்னண்ணே, தடிய வச்சுக் குத்துறீங்க? பாம்பு கீம்பு பாத்தீங்களா?"

"இல்லம்மா..."

"முள்ளுதாண்ணே கெடக்கும், நேத்துத்தான் வேலிக்கருவைய வெட்டுனோம். நான் முன்னால போறேன், எங் காலடியப் பாத்து மிதிச்சு வாங்க. அங்கிட்டு இங்கிட்டு வச்சுராதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணிவெடி இருக்கிற இடத்தில் நாங்கள் நடக்கிற முறை அதுதான். முன்னால் போகிறவன் மிதித்த இடத்தில்தான் பின்னால் வருகிறவன் மிதிக்க வேண்டும். அன்று எல்லையில் நான் நாலு விரல் தள்ளி மிதித்தேன். இதெல்லாம் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

நடந்தேன். அவர் தடம், என் கால். அவர் தடம், என் கால். சட்டை நனைந்துவிட்டது. அந்த அம்மாவோ கடலை வாடிப்போன கதையைச் சொல்லிக்கொண்டே எட்டு வைத்துப் போகிறார். பாதி வழியில் ஒரு மண்கட்டி புரண்டு, செயற்கைக் கால் மடங்கி, தடத்தை விட்டு வெளியே குப்புற விழுந்தேன். இரண்டு கையும், நெஞ்சும், முகமும் மண்ணில். கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை. மண் வெதுவெதுப்பாக இருந்தது. "அய்யய்யோ, விழுந்துட்டீகளே!" என்று பஞ்சவர்ணம் கூடையோடு ஓடி வருகிறார். நான் மண்ணைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு அழுகிறேன், சிரிக்கிறேன். நான் கேட்டது முன்னால் ஒரு ஆளை. ஆண்டவர் என்னைத் தள்ளியும் விட்டார். அதையும் ஸ்தோத்திரத்தோடுதான் சொல்கிறேன்.

மோட்டாரை இறக்கி சுவிட்சைப் போட்டால் தண்ணீர் நூலாக வருகிறது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காயிலில்தான் தப்போ என்று சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒயரை மாற்றி இணைத்ததால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தேன். தண்ணீர் பீறிட்டு வந்து எல்லோரையும் நனைத்தது. மாஸ்டர் என் தோளைத் தட்டி, "தொழில் ஒங்களுது" என்றார்.

இன்றைக்கு இலுப்பூரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கோவிலுக்கும் மண் பாதையில் நடந்துதான் வந்தேன், பார்த்திருப்பீர்கள்.

உங்களில் யாருக்காவது ஏதாவது ஒன்றில் கால் வைக்கப் பயமாக இருக்கலாம். பயம் தெளியட்டும், பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே போங்கள். ஜெபம் வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள். எனக்குப் பயம் முழுவதும் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக் காலையில் ஒரு கொல்லைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நேற்றுத்தான் உழுதார்களாம். கேட்டதிலிருந்தே கை ஜில்லிட்டுக் கிடக்கிறது. போகத்தான் போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.