மீதி மீசை

முதலில் மகனின் தலையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொள்வாள் மோளி. பிறகுதான் ரேசரை எடுப்பாள். விடியுமுன்னே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்துவிட்டு வந்த கை அது; மரத்துக்கே நோகாமல் பட்டையைச் சீவும். ஜிஸ்மோன் மரமில்லையே. பதினைந்து வயதுப் பையன், ஆட்டிசம் உள்ளவன். உதட்டுக்கு மேல் பிளேடு பட்டதும் நெருப்பு பட்டதுபோல் அலறுவான், கடிப்பான். அவள் மணிக்கட்டில் பல்தடம் ஆறுவதற்குள் அடுத்த சவரம் வந்துவிடும்.

"பாவம், இவனுக்குத் தொட்டாலே வலிக்கும். மீசை இருந்துட்டுப் போகட்டுமே" என்று ஸ்கூல் டீச்சர் சொன்னதுண்டு.

"டீச்சர் ஸ்கூட்டர்ல வர்றாங்க, சொல்லுவாங்க. நாங்க பஸ்ஸுலதானே வர்றோம்" என்பாள் மோளி.

பாலா டவுனில் இருக்கும் அந்தச் சிறப்புப் பள்ளிக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தால் மணிக்கயிறு நேராகத் தெரியும். கயிறு ஆடும்போதெல்லாம் "டிங் டிங்" என்று கூடவே சொல்லிக்கொண்டு ஜிஸ்மோன் சமர்த்தாக வருவான். வேறெங்கே உட்காரவைத்தாலும் தரையில் விழுந்து கத்துவான். இன்னொரு தடவை கத்தினால் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லியாயிற்று. ஆனால் முன்பக்கம் முழுக்கப் பெண்கள் சீட். சின்னவனாக இருந்தவரை "பாவம் கொச்சுப் புள்ள" என்று கன்னத்தைக் கிள்ளிய அதே பெண்கள், மீசை அரும்பியதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள். அவர்களுடைய இரக்கம் அவ்வளவுதான். அன்றைக்குத்தான் மோளி கடைக்குப் போய் ரேசர் வாங்கினாள்.

"கர்த்தர் தந்த சிலுவைன்னு நெனச்சுக்கோ மோளி" என்றார் பங்குச் சாமியார்.

"சிலுவைன்னா எறக்கி வெச்சுட்டுக் கொஞ்சம் மூச்சு விடலாம் அச்சா. இது என் புள்ளையாக்கும்!"

அதற்குப் பிறகு அவளைத் தூரத்தில் கண்டாலே அவர் வேறு வழியாகப் போய்விடுகிறார். மோளிக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு. வாயும் இல்லாமல் போயிருந்தால் இந்நேரம் அவளை மென்று துப்பியிருப்பார்கள்.

இந்தத் திங்கட்கிழமை சவரம் பாதியில் இருக்கும்போதே பஸ் ஹாரன் கேட்டது. ஜிஸ்மோன் திமிறினான், உதடு கீறிவிட்டது. ரேசரை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இழுத்தபடி ஓடினாள். நல்லவேளை, முதல் சீட் காலியாக இருந்தது. இடப்பக்கம் மீசையும் வலப்பக்கம் ரத்தக்கோடுமாக அவன் உட்கார்ந்தான்.

பக்கத்து சீட்டு சாராம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எடி மோளி, இதென்னடி கோலம்? பாதி ஆம்பளையா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சொல்றேன்னு கோச்சுக்காத. மீச மொளச்சவன இனிமே பின்னாடி ஒக்கார வை. பொம்பளப் புள்ளைங்க ஏறுற பஸ்ஸு" என்றாள்.

கண்டக்டர் மணிக்கயிற்றில் கை வைத்தபடி இருவரையும் பார்த்தார். பஸ் நகரவில்லை. கயிறு ஆடாததைக் கண்டு ஜிஸ்மோன் முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தான். அடுத்தது அலறல்தான் என்று மோளிக்குத் தெரியும்.

பைக்குள் கைவிட்டு ரேசரை எடுத்தாள். அதில் சோப்பு நுரையும் ரத்தமும் இன்னும் காயவில்லை. சாராம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்க சேச்சி. மீதிய நீங்களே எடுத்துவிடுங்க. இத்தன நாளா உங்களுக்காகத்தானே எடுத்துக்கிட்டிருந்தேன்."

சாராம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் அவசரமாகக் கயிற்றை இழுத்தார். "டிங் டிங்" என்றான் ஜிஸ்மோன். பாலா வந்து சேரும்வரை மோளி நீட்டிய கையை மடக்கவில்லை.