நல்ல நாள் பார்த்து அடைத்த சைடர்

“…இண்டைக்கு அட்டமி, மச்சான். நாளைக்கு நவமி. நாளண்டைக்கு ஒன்பது மணிக்குப் பிறகு ஆறுதலாத் திறப்பம். போத்தில் என்ன, ஓடியே போயிடும்?” என்றார் அத்தான், சோபாவில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு.

ஓடாது, வெடிக்கும் என்றேன். அவர் அதைக் காதில் போட்டதாகத் தெரியவில்லை.

பார்க்கிங் என்ற ஊரில், அக்கா வீட்டுப் பின்வளவில் ஒரு அப்பிள் மரம் நிற்கிறது. அதன் பழத்தைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்துச் சைடர் போடும் ஆசை அத்தானுக்கு என்னைப் பார்த்துத்தான் வந்தது. நான் யாரிடமும் போய்ப் படித்தவனில்லை; என் குளியலறைச் சுவரில் ஒரு போத்தல் சிதறிய அன்று படித்தேன். அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்லிவைத்தேன். சாற்றில் மிதக்கவிடும் கண்ணாடி மிதவை மூன்று நாள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் சீனி புளித்து முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன் அடைத்தால் மிச்சச் சீனி போத்தலுக்குள் கிடந்து காற்றைப் பெருக்கும். மிதவையையும் நானே வாங்கிக் கொடுத்தேன். அவர் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, உறையும் பிரிக்காமல், சாமித்தட்டில் நிறுத்திவிட்டார்.

பார்த்ததெல்லாம் கோயில் கலண்டரை. வியாழன் காலை நல்ல நேரம். அதை விட்டால் பத்து நாளைக்கு இல்லையாம். சாறு இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. அப்படியே இருபத்துநான்கு போத்தலில் ஊற்றி, காஸ் வரட்டும் என்று ஒவ்வொன்றிலும் கைக்கணக்காகச் சீனியும் போட்டு மூடி அடித்தார். பதறாத காரியம் சிதறாது என்று போனில் சொன்னேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றார். நாள் செய்வது நல்லார் செய்யார் என்று இன்னொன்றும் போட்டார். பழமொழி என்றால் எனக்கு உயிர். யோசிக்காதவன் வாயில் விழுந்தால் அதுவும் புளித்துவிடுகிறது.

அக்கா மட்டும் கேட்டாராம்: “சீனிக்குப் பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியுமோ?”

அடைத்ததைக் குளிரிலாவது வைத்தாரா? மாடிப்படிக்குக் கீழே, சுடுதண்ணீர்க் குழாய் ஓடும் அலுமாரியில் வைத்தார். அந்தக் கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி அக்காவின் தையல் மெஷின். அப்டன் பார்க் கடைகளுக்குச் சேலைச் சட்டை தைத்து அந்த வீட்டை ஓட்டுவது அக்காவின் கண்ணும் கையும். ஒரு கண்ணாடித் துண்டு போதும், இரண்டுக்கும். அத்தானின் சோபாவோ அந்த அறையின் மறுகோடியில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடைத்த பத்தாம் நாள் மூடிகள் உப்பிவிட்டன என்று அக்கா அழைத்ததால்தான் தடித்த கையுறையும் துவாய்களுமாக அன்று போனேன். போத்தல்களைத் துவாயால் சுற்றிக் பின்வளவில் குளிர்ந்து கிடக்கும் கொட்டிலுக்குக் கொண்டுபோனால் வேகம் அடங்கும். பிறகு ஒவ்வொன்றாகக் காற்றை விடலாம். அத்தானுக்கோ அட்டமியில் அலுமாரிக் கதவைத் தொடவும் கூடாது.

“அப்ப அக்காவையாவது அதில இருந்து எழும்பச் சொல்லுங்கோ, அத்தான்.”

“எழும்பினா ஆர் தைக்கிறது? நாளைக்குக் கலியாணச் சட்டை குடுக்கவேணுமெல்லே.”

அக்கா மெஷினை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம்தான் அலுமாரிக்குள் முதல் போத்தல் வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று. கதவு தாங்கிக்கொண்டது. அடியால் புளித்த நுரை வழிந்து மெஷின் மிதிவரை வந்தது. அக்கா கலியாணச் சட்டையை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு எழுந்தார்.

அத்தான் அட்டமியை மறந்து சோபாவிலிருந்து எழுந்தார். குசினி லாச்சியிலிருந்து ஓப்பனரை எடுத்துவந்து, மிச்சப் போத்தல்களைத் திறக்கச் சொல்லி அக்காவின் கையில் வைத்தார். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.