நான் பெற்ற பூட்டன்மார்

எண்பத்தைந்தாம் ஆண்டு, நாற்பத்துமூன்று வயதில், நாலு புத்தகம் படித்தவன் என்று கனடாவின் பார்க்டேலில் பெயர் வாங்கியிருந்த நான், எங்கள் குடும்பம் ஒரு ஜேர்மன் குடும்பம் என்று நிரூபிக்க ஏழு மாதம் பாடுபட்டேன். இந்த வேலைக்கு முதல் நிபந்தனை கண்ணாடி பார்க்காமல் இருப்பது.

காரணம் என் தம்பி. ஊர்க் கலவரத்துக்குப் பிறகு மேற்கு ஜேர்மனிக்குப் போய், ஓர் அகதி விடுதியில் ஆறு பேர் படுக்கும் அறையில் இருந்தான். மனு ஒரு தடவை நிராகரிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது விசாரணையும் தோற்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

நான் தகடு துளைத்த தொழிற்சாலையில், பக்கத்து மெசினில் நின்றவர் ஒரு ஜேர்மன்காரர். இருநூறு வருடத்துக்கு முன் ருமேனியாவுக்குப் போன ஒரு ஜேர்மன் கூலிச் சிப்பாயின் வழிவந்த அவருடைய மச்சான்மார், பாட்டனாரின் ஞானஸ்நானப் பத்திரத்தைக் காட்டி மேற்கு ஜேர்மனிக்குள் போய்விட்டார்களாம். வீடு, கடவுச்சீட்டு எல்லாம் கிடைத்ததாம். அவர்களுக்கு ஜேர்மன் பேச வருமா என்று கேட்டேன். வராது, இரத்தம் இருக்கிறதே என்றார், சான்விச்சைக் கடித்தபடி. என் தம்பி இரண்டு வருடத்தில் அந்தப் பாஷையில் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தான். அன்று பின்னேரம் நான் துளைத்த துளை ஒன்றும் நேராக விழவில்லை.

உயிர் தப்பி வந்தவன் என்பது போதாது. இருநூறு வருடத்துக்கு முன் எவனோ ஒரு கூலிச் சிப்பாய் எங்கேயோ பிள்ளை பெற்றான் என்பது போதும். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் நான் செய்தது, அதேபோல ஒரு சிப்பாயைத் தேடிப் புறப்பட்டதுதான்.

ஏனென்றால் எங்களிடமும் ஒருவர் இருந்தார். எங்கள் சனத்துக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு சரி. எங்கள் வீட்டு ஆண்களுக்கு மட்டும், பூசிய திருநீற்றுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு வெள்ளைக்காரப் பெயர் வால்போலத் தொடர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அவர்களின் கூலிப்படையில் மட்டக்களப்புக் கோட்டைக்கு வந்த ஜேர்மன் சிப்பாய்தான் எங்கள் பூட்டன் என்று அப்பா சொல்வார். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் இரண்டு தடவை சொல்வார்.

சனிக்கிழமைகளில் நகரத்தின் பெரிய நூலகத்தில் குந்தினேன். ஐந்தாவது மாதம், ஒரு பழைய பதிவுத் தொகுப்பில் அந்தப் பெயர் அகப்பட்டது. சிப்பாய், பிறந்தது ஒரு ஜேர்மன் ஊர், வேலை பார்த்தது எங்கள் கோட்டை. ஒரே ஒரு வரி.

மிச்சத்துக்கு ஊரில் இருந்த மாமிக்கு, அப்பாவின் தங்கைக்கு, எழுதினேன். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சக் கணக்கு தாய்வழி. கோயில் உரிமையும் வீடும் தாய்வழி. மாமியின் பதில் அதற்குத் தக்கபடி வந்தது: "என்ர தாய்வழியில ஏழு தலைமுறை எழுதியிருக்கன், பத்திரமா வைங்க. தகப்பன் வழியில உங்கட அப்பப்பா மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல ஆம்பிளையள ஆரு கணக்கெடுத்தது, மருமகன்?"

சிப்பாய்க்கும் அப்பப்பாவுக்கும் இடையில் நூறு வருடத்துக்கு மேல் வெறும் வெளி. மூன்று ஆண்கள் தேவைப்பட்டார்கள். மூவரையும் நானே பெற்றேன். ஒருவரை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் ஆக்கினேன். ஒருவரை என்ன செய்வதென்று தெரியாமல் வாந்திபேதியில் சாகடித்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உதென்னப்பா, உங்கடை பூட்டனை நீங்களே பெறுறியளோ?"

"சரித்திரத்தில இடைவெளி வந்தா ஊகிக்கலாம்."

"அப்ப உந்த ஸ்பொன்சர் போமையும் ஊகிச்சு நிரப்புங்கோவன். எத்தினை மாசமா மேசை லாச்சியிலை கிடக்கு."

தம்பியைக் கனடாவுக்கு எடுப்பதற்கான அந்தப் போம் என் சம்பளத்தைக் கேட்டது, வேலையைக் கேட்டது, என் முன்னோரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. எழுதவே கூசுகிறது, உண்மை அதுதான்.

பக்கத்து மெசின்காரரைப் பிடித்து வம்சாவளியை ஜேர்மனில் எழுதுவித்து, தம்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். விசாரணை நடந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குச் சில மாதங்கள் இருந்தன. எனக்கு அந்த அரசாங்கத்தில் கோபம், அப்பாவில் கோபம், பிள்ளை பெற்றதற்கு ஒரு துண்டுக் கடதாசி வைக்காத சிப்பாயில் கோபம். லாச்சியைத் திறக்காத கையில் கோபம் கடைசியாகத்தான் வந்தது. மனைவி போமை எடுத்து ஒரே மாலையில் நிரப்பினாள். அவள் காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.

மேன்முறையீடும் தோற்கும் தறுவாயில் விசா வந்தது. தம்பி வந்து சேர்ந்து, இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டபோது கேட்டேன்.

"அந்த வம்சாவளியக் காட்டினியா?"

"காட்டினன் அண்ணன். என்னை விசாரிச்ச மனிசி மேல இருந்து கீழ வரைக்கும் வடிவா வாசிச்சா."

"மறுகா? என்ன சொன்னா?"

"'உங்கட அண்ணனுக்குக் கனடாவில வேலை ஒண்டும் கிடைக்கல்லையா' எண்டு கேட்டா."