தேனில் மிதந்த கல்லீரல்

போன மாதம் லேபிலிருந்து எனக்கு ஒரு போன். "நீங்க அனுப்பின சதை தேன்ல மிதக்குதே... என்ன விஷயம்?"

மிதந்தது என் சித்தப்பாவின் கல்லீரல். அதாவது, ஊசி போட்டு அதிலிருந்து எடுத்த நூல் அளவு சதை.

சித்தப்பாவுக்கு நைனார்பாளையத்தில் கரும்பு விவசாயம். ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் மஞ்சள் காமாலை வைரஸ் ஒன்று ரொம்ப காலமாக உள்ளேயே குடியிருந்திருக்கிறது. ஸ்கேனில் கட்டி. கேன்சரா, கேன்சருக்கு முந்தின படியா? அந்தச் சதைதான் சொல்ல வேண்டும்.

நான் பயோடெக் படிக்கிறேன். சும்மா இருப்பேனா? குடும்பத்தையே உட்கார வைத்து கிளாஸ் எடுத்தேன். செல்லுக்குள் பி53 என்று ஒரு புரதம் — வாட்ச்மேன் மாதிரி. செல் தறிகெட்டு வளரப் பார்த்தால் தடுப்பான். நல்ல செல்லில் கொஞ்சமாகத்தான் இருப்பான்; வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவான். பெரும்பாலும், கெட்டுப்போன வாட்ச்மேன்தான் கூட்டமாகக் குவிந்து கிடப்பான். வேலையும் செய்ய மாட்டான், இடத்தையும் காலி பண்ண மாட்டான்! சாயம் போட்டால் தெரிந்துவிடும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். என்ன பிரயோஜனம்?

கள்ளக்குறிச்சியில் சதையை எடுத்து, கெடாமல் இருக்க ஃபார்மலின் மருந்து ஊற்றிய பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியூர் லேபில் சேர்க்க வேண்டும். எனக்கோ அன்றைக்குப் பரீட்சை. "நாங்க இருக்கறோம்ல?" என்று சித்தியின் அண்ணன் சீனு மாமா தலைமையில் நாலு பேர் கிளம்பினார்கள். ஒரு பாட்டிலுக்கு நாலு பேர்!

லேப் போனை வைத்ததும் மாமாவைப் பிடித்தேன்.

"பாட்டில்ல தேன் எப்படி மாமா வந்துச்சு?"

"மூடி லூசு. பஸ்ஸு பூரா நாத்தம், கண்ணு எரியுது. கண்டக்டர் எறங்குன்றான். நாலு பேரும் கலந்து பேசிதான் அந்த மருந்த வெளிய ஊத்தினோம். டாக்டருக்குன்னு தேன் எடுத்துக்கினு போனோமில்ல, அத்த ஊத்தி மூடிட்டோம்."

"தேனையா?"

"இன்னா இப்படி கேக்கற? கல்வராயன்மலைத் தேனு! அதுல போட்ட நெல்லிக்காயே கெடாம கெடக்குது!"

"மாமா, இது நெல்லிக்காய் இல்ல... கல்லீரல்!"

"ரெண்டும் உடம்புக்கு வேண்டியதுதான?"

இவரிடம் என்னத்தைப் பேச?

லேபில் கையை விரித்துவிட்டார்கள். இந்தச் சதையில் சாயத்தை நம்ப முடியாதாம். மறுபடியும் ஊசி.

சித்தப்பா யாரையும் திட்டவில்லை. சட்டையைத் தூக்கி, விலாவில் இருந்த பிளாஸ்திரியைக் காட்டினார். "இதுவே இன்னும் ஆறலயே..." என்றார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

இரண்டாம் முறை பாட்டிலை நானே கொண்டுபோனேன். மூடியைச் சுற்றி டேப். அப்போதும் பஸ் ஸ்டாண்டில் துணைக்கென்று நாலு பேரும் ரெடி! கத்தித்தான் திருப்பி அனுப்பினேன்.

ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை, அதற்கு முந்தின படி. வாட்ச்மேன் கொஞ்சம்தான். ஆனால் விடாமல் கவனிக்க வேண்டும்.

"வாட்ச்மேன் கம்மியா இருந்தா நல்லதாடா?" சித்தப்பா கேட்டார்.

"இந்த விஷயத்துல கம்மிதான் நல்லது, சித்தப்பா."

ஹாலில் மாமாவும் மற்ற மூவரும் காபி குடித்துக்கொண்டே, அடுத்த தடவை யார் யார் துணைக்குப் போவதென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அவர்களை ஒரு பார்வை பார்த்தார். என் காதருகே குனிந்தார்.

"உள்ள கம்மிதான்டா... வெளியதான் ஜாஸ்தி."