குதிரையிடம் பேசக் கூடாத ஐந்து நிமிடம்

ஆமாம், லத்தி அள்ளத்தான் ஜெர்மனிக்குப் போனேன்.

போன வாரம் லீவில் ஊருக்கு வந்த மறுநாளே, குன்றாண்டார்கோவில் டீக்கடையில் என் மாமா, அம்மாவின் தம்பி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் மருமகளே, அங்கிட்டுப் போயும் குதிர லத்திதான் அள்ளுறியாமுல்ல? இங்கிட்டே அள்ளியிருக்கலாமே, ஒங்கம்மா சோறாவது கெடச்சிருக்கும்!"

"இங்க ஒரு குதிர மாமா. அங்க பதினாலு. புரமோஷன்னு வச்சுக்கங்க."

கடையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய நாளிலிருந்து, தோற்றுத் திரும்பி வருவேன் என்று அவர் காத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பிசகியிருந்தால் அப்படித்தான் வந்திருப்பேன். என் நாக்கு ஒன்றே போதுமாக இருந்தது, என்னை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்ப.

அப்பாவுக்கு வேலை சரக்கு வேன் ஓட்டுவது. ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் குதிரையைத்தான் முதலில் சொல்வார். கோயில் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும் இல்லையா, அதற்காக ஒரு பெண்குதிரை வளர்க்கிறார். அதையும் என்னையும் 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் ஆத்தா என்று குரல் கேட்டால் இரண்டு தலைகள் திரும்பும்.

பந்தய வண்டியில் அப்பா சாரதி. பக்கத்தில் தொற்றிக்கொண்டு கத்துவதற்கு மாமா. அவர் துணைச் சாரதி. குதிரையைப் பேச்சால்தான் ஓட்டுவார்கள். மேலண்ணத்தில் நாக்கை ஒட்ட வைத்து வெடுக்கென்று இழுத்தால் 'ட்ளக்' என்று ஒரு சத்தம் வரும். ஒன்று அடித்தால் நடை. இரண்டு அடித்தால் ஓட்டம். நிற்க வேண்டுமென்றால் நீளமாக, "ஹோஓ, நில்லாத்தா." அனா ஆவன்னாவுக்கு முன்னால் எனக்கு இது வந்துவிட்டது. ஆனால் பந்தய வண்டியில் ஏற விட்டதில்லை. "பொட்டப்புள்ள வண்டியில ஏறிக் கத்துனா நல்லாவா இருக்கும்?" என்பது மாமாவின் தீர்ப்பு. கண்மாய்க்குக் குதிரையைக் குளிப்பாட்ட ஓட்டிப் போவது மட்டும் என் வேலை. போகும்போது கயிற்றைப் பிடித்து நடத்திப் போவேன். வரும்போது ஈர முதுகில் ஏறி உட்கார்ந்து வருவேன். அதைத் தடுக்க அந்த நேரத்தில் கண்மாய்க்கரையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்புறம் புதுக்கோட்டையில் கல்லூரி. டவுன் பஸ்ஸில் போக வர, போனில் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியின் வீடியோ. மணல் பரப்பிய ஒரு நீள்சதுரத்துக்குள் குதிரை நடக்கும், ஓடும், வளையும், சொன்ன இடத்தில் சிலை மாதிரி நிற்கும். மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாத மாதிரி இருப்பார். அந்த 'ஒன்றுமே செய்யாத மாதிரி'யில் நான் விழுந்தேன். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் ஒரு வருடம் வேலை, திருச்சியில் ஜெர்மன் வகுப்பு, நூறு மெயில்கள். கடைசியில் ஜெர்மனியில் ஒரு லாயத்திலிருந்து பதில் வந்தது: சவாரிப் பயிற்சி பெறும் வேலையாளாக வரலாம், முதல் நான்கு மாதம் சோதனைக் காலம். அதற்குள் முதலாளியம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் விசா இல்லை.

காலை ஆறு மணிக்குப் பதினாலு கொட்டில். ஈர வைக்கோலையும் லத்தியையும் தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டி, தண்ணீர் வைத்து, குளம்பு சுரண்டி முடிக்கும்போது முதுகு என்னுடையது மாதிரியே இருக்காது. அதற்கப்புறம்தான் சவாரி. எனக்குக் கொடுத்தது ஒரு பெரிய பழுப்புக் குதிரை. மகா சோம்பேறி. அங்கே முழுக்கக் காலால்தான் குதிரையிடம் சொல்ல வேண்டும். இவன் விலாவை எத்தனை முறை அழுத்தினாலும், யாரோ கதவைத் தட்டுகிறார்கள், நமக்கென்ன என்பது போல் நிற்பான். அதனால்தான் புதுசாக வந்தவளிடம் தள்ளிவிட்டார்கள்.

இரண்டாவது வாரத்தில் அவனை ஓட வைத்துவிட்டேன். எல்லாருக்கும் ஆச்சரியம். என்னோடு வேலை செய்த போலந்துக்காரன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். முதலாளியம்மா, நாற்பது வயது இருக்கும், சிரித்து நான் பார்த்ததில்லை, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து "நல்ல கால்!" என்று கத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன்.

என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ட்ளக்.

டிரெஸ்ஸாஜ் போட்டியில் குதிரையிடம் வாய் திறக்கக் கூடாது. பேச்சும் கூடாது, நாக்குச் சத்தமும் கூடாது. இந்த விதியைப் படித்திருந்தேன். பரீட்சைக்குக்கூட எழுதியிருப்பேன். ஆனால் ட்ளக் என்பது பேச்சு என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவது மாதிரி அது பாட்டுக்கு வருகிறது. முதல் போட்டியில் நடுவர் மைதானத்து ஓரத்தில், நான் கடந்து போகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தேன். வரிசையாக ஒவ்வொரு அசைவுக்கு எதிரிலும் மதிப்பெண்ணை வெட்டி ஒரே சொல்லை எழுதியிருந்தார்: குரல். குரல். குரல்.

முதலாளியம்மா அந்தத் தாளை மடித்து என் கோட்டுப் பையில் செருகினார்.

"உன் கால் நல்ல கால் என்று சொன்னேன். தப்பு. உன் கால் தூங்குகிறது. உன் நாக்குதான் சவாரி செய்கிறது."

"குதிரைக்குப் புரிகிறதே!" என்றேன். விட்டுக் கொடுக்க மனசில்லை.

"புரிகிறதுதான் பிரச்சினை. இப்போது அவன் யார் காலையும் கேட்பதில்லை. உன் நாக்கு எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறான். கெடுத்து வைத்திருக்கிறாய்." தொடர்ந்து சொன்னார்: "உன் நான்கு மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரு போட்டி இருக்கிறது. அதில் ஒரு சத்தம் கேட்டாலும் உன் வேலை ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று கொட்டிலில் வைத்து அவனைத் திட்டினேன், சுத்தமான புதுக்கோட்டைத் தமிழில். "ஒன்னால நான் ஊருக்குப் போனா, எங்க மாமா மூஞ்சில நீ வந்து முழிப்பியாய்யா?" காதை முன்னால் நீட்டி ரசித்துக் கேட்டான். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பேசாம ஓட்டுறதுக்கு அது என்ன பைக்கா?" என்றார் அப்பா. "அந்தப் பிராணி என்னன்னு நெனைக்கும்? கோவமா இருக்கேன்னு நெனச்சுக்காது?"

"அதெல்லாம் நெனைக்காதுப்பா. ரூலு."

"என்னா ரூலோ. சரி ஆத்தா, நம்ம பூசாரி படையல் தூக்கையில வாயில துணி கட்டுவாருல்ல, அது மாதிரி கட்டிக்க."

விளையாட்டாகச் சொன்னார். நான் கட்டினேன். ஊரிலிருந்து கொண்டுபோன அப்பாவின் சிவப்புத் துண்டு. போலந்துக்காரன் பார்த்துவிட்டு, "எந்த பேங்க்? எனக்கும் பங்கு உண்டா?" என்றான். பிரயோஜனம் இல்லை. துணிக்குப் பின்னாலும் நாக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. பூசாரியின் நாக்குக்குக் குதிரை ஓட்டிப் பழக்கமில்லை.

அப்புறம்தான் தண்ணீர் தோன்றியது. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு ட்ளக் அடித்துப் பாருங்கள், முடியாது. முதல் நாள் குதிரை மேல் ஏறுவதற்குள் பாதியை விழுங்கி, மீதியில் புரையேறி, இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் நாள் முதல் வளைவிலேயே நாக்கு அதன் வேலையைக் காட்ட, தண்ணீர் பீறிட்டு அவன் பிடரியில் தெறித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் பிடரியைத் தடவிப் பார்ப்பேன். எத்தனை ஈரம், அத்தனை தப்பு. போலந்துக்காரன் வேறு தினமும் தவறாமல் கேட்பான்: "உங்க பக்கம் இன்னிக்கு மழை எப்படி?"

வாய் அடங்கியதும் இன்னொன்று தெரிந்தது. அவன் அசையவே மாட்டேன் என்றான். காலால் அழுத்துவேன். நிற்பான். காது இரண்டையும் பின்னால் திருப்பி என் வாயை எதிர்பார்த்துக்கொண்டே நிற்பான். அப்பாவின் குதிரையும் இப்படித்தான் காதைத் திருப்பும். இவனுக்கு நான் தமிழ் கற்றுக்கொடுத்து வைத்திருந்தேன், இப்போது ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு அழுத்து, காத்திரு. மறுபடி ஒரு அழுத்து, சாட்டை நுனியால் ஒரு தொடல், காத்திரு. அவன் ஒரு அடி எடுத்து வைத்தால் கழுத்தில் தட்டிக்கொடு. பதினெட்டு நாள் இப்படியே. முதலாளியம்மா கடந்து போகும்போது பார்ப்பார். பத்தொன்பதாம் நாள் இறங்கிப் பிடரியைத் தடவினேன். காய்ந்து கிடந்தது. தண்ணீர் அத்தனையும் வாயிலேயே இருந்தது. துப்பிவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

போட்டி நாளில் வாயில் தண்ணீர் வைத்துக்கொள்ள முடியாது. நடுவர் பக்கமாகப் போகும்போது துப்பித் தொலைத்தால்? வெறும் வாயோடு உள்ளே போனேன். அந்தப் போட்டியில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் மைக்கில் வாசித்துக்கொண்டே இருப்பார். நடுவர் தன் உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே இருப்பார், அவர் எழுதுவார். வேலிக்கு வெளியே குழந்தைகள் கத்தும். பேசக் கூடாதவள் மைதானத்தில் நான் ஒருத்திதான்.

நடுவில் வந்து நிறுத்தி வணக்கம் வைத்தேன். மைக் சொன்னது: ஓட்டத்தில் கிளம்பு. அழுத்தினேன்.

அவன் நின்றான்.

காது பின்னால் திரும்பியது. என் நாக்கு தானாக எழும்பி மேலண்ணத்தில் போய் ஒட்டியது. இழுத்து விட வேண்டியதுதான் பாக்கி. இழுத்தால் கிளம்பிவிடுவான். கிளம்பினால் நான் ஊருக்கு. பல்லைக் கடித்து நாக்கை அங்கேயே பிடித்துவைத்தேன். வேலி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு முதலாளியம்மா. டீ கிளாஸோடு மாமாவும் எங்கேயோ நிற்கிற மாதிரி இருந்தது. நிற்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள், இது என் வாய். இன்னொரு அழுத்து, முன்னைவிட மெதுவாக. காத்திரு.

அவன் பெருமூச்சு விட்டான். கிளம்பினான்.

அதற்குப் பிறகு நன்றாகப் போனது என்று சொன்னால் பொய். ஒரு வட்டம் முட்டை வடிவத்தில் வந்தது. பாய்ச்சலிலிருந்து ஒரு மூலையில் முன்னதாகவே ஓட்டத்துக்கு இறங்கிவிட்டான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் என் வாயிலிருந்து ஒரு காற்றுகூட வெளியே வரவில்லை. கடைசி வணக்கம் வைத்து, கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் கொட்டிவிட்டேன்: "எஞ்சாமி, எந்தங்கம், மானத்தக் காப்பாத்திட்டியேய்யா, ஒனக்கு இன்னிக்கு ரெண்டு பங்கு கேரட்டுய்யா!" வெளியே நின்றிருந்த மற்ற குதிரைகளெல்லாம் நிமிர்ந்து பார்த்தன.

தாளில் 'குரல்' ஒரு இடத்திலும் இல்லை. முதல் கிளம்பலுக்கு எதிரில் மட்டும், 'தாமதம்'. மதிப்பெண் சுமார்தான். குதிரை லாரியின் பக்கவாட்டில் காகிதத்தை வைத்து முதலாளியம்மா கையெழுத்துப் போட்டார்.

"கிளம்பினது மோசம்" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"திங்கட்கிழமையிலிருந்து அதைத்தான் செய்யப் போகிறோம். நாள் முழுக்க."

ஒரு நல்ல வார்த்தை? ம்ஹூம். எனக்கு வேண்டியதும் இல்லை, கையெழுத்து இருந்தது.

டீக்கடையில் மாமா கேட்டதற்கு மறுநாள் காலை, அப்பா குதிரையைப் பழக்க வண்டி பூட்டினார். பள்ளிக்கூட வேன்கள் வருவதற்கு முன்னால் ரோடு காலியாக இருக்கும். மாமா பல்குச்சியோடு வந்து சேர்ந்தார். நான் போய்ச் சாரதி இடத்தில் உட்கார்ந்து கடிவாள வாரைக் கையில் எடுத்தேன்.

"எறங்கு மருமகளே" என்றார் மாமா. "இது வெள்ளக்காரன் மைதானமில்ல."

"தெரியுது மாமா. மணலே இல்லையே. ஏறுறீங்களா, நடந்து வாரீங்களா?"

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். வந்து என் பக்கத்தில் துணைச் சாரதி இடத்தில் ஏறிக்கொண்டார். குதிரையின் காது பின்னால் திரும்பியது. ஜெர்மனியில் பேசாமல் ஓட்டக் கற்ற திமிரில், முதலில் வாரை லேசாக அசைத்து மட்டும் பார்த்தேன். நின்றது. காது மட்டும் ஆடியது. அதற்கு ஜெர்மன் விதி தெரியாது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வைத்தேன். இங்கே எந்த நடுவர் வந்து வெட்டப் போகிறார்?

ட்ளக், ட்ளக். "வாடி ஆத்தா! ஹேஏய்!"

வண்டி எகிறிக் கிளம்பியது. பின்னாலிருந்து மாமாவின் குரல் துரத்தி வந்தது. "ஏய், பொட்டப்புள்ள நடுரோட்டுல நின்னு இப்பிடியா கத்துறது? ஊரு என்ன சொல்லும்?"

நான் நிற்கவில்லையே, ஓடிக்கொண்டிருந்தேன். அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.