முதல் குரலுக்கே பதில் சொன்னவள்

என் தங்கை யூனிஸ் ரஷ்யாவில் பனியில் புதைந்து பிழைத்தாள் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். ரஷ்யா இல்லை, நார்வே. அவள் புதையவும் இல்லை. திருத்தணியில் எங்கள் சபையிலிருந்து முதன்முதலாக வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள் அவள். அவளைப் பற்றிய பேச்சு சரியாக இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துபோனாள். யூனிஸுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அதில் பார்த்தாள். நடுவில் சிக்னல் போய்விட்டது. மண் போட்டதை அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் குரல். வேலை முடிந்து வந்து, இருட்டும் நேரத்தில் அறையில் துணி மடிக்கும்போது, "யூனி!" என்று ஒரே ஒரு முறை. அம்மா வயல் வேலை செய்தவள். நாலு கழனி தாண்டிக் கேட்கும் அவள் குரல்.

"பதில் சொன்னியா?" என்று போனில் கேட்டேன்.

"இல்லண்ணா. இன்னொரு வாட்டி வரும்னு பாத்தேன். வரல."

"நல்லதாப் போச்சு. சொல்லாத."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருட்டியபின் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாவது முறை கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது. உயிரோடு இருப்பவர்கள் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள். செத்தவர்கள் ஒருமுறைதான் கூப்பிடுவார்கள். பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பாஸ்டர் இதை அஞ்ஞானம் என்பார். ஆனால் எங்களுக்கு இதைச் சொல்லி வளர்த்ததே அம்மாதான்.

குரல் நிற்கவில்லை. வீடியோவில் பார்த்தால் தங்கைக்குக் கண் குழிந்திருந்தது. தூக்கமே இல்லை என்றாள். டிசம்பரில் லீவு கிடைத்ததும் வீட்டுக்கு வருவாள் என்று இருந்தேன்.

"வடக்கே போறேண்ணா. பனி பாக்க. தனியா."

"மார்கழியில ஃபேன் போட்டாலே கத்துவ. நீயா பனிக்குப் போற?"

சிரித்தாள். பிறகு, "அம்மா ரயில் ஏறி அரக்கோணம் தாண்டுனதில்ல. அவ்ளோ தூரம் அவளால வர முடியாதுண்ணா," என்றாள்.

போய் வா என்றேன்.

நார்வேயில் அவள் போன ஊரில் அந்த மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. மதியத்தில் கொஞ்சம் நீல வெளிச்சம், உடனே இருட்டு. அவள் தங்கியது ஏரிக்கரையில் ஒரு மரவீடு. வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். முதல் சில நாள் குரல் இல்லை. நன்றாகத் தூங்கினேன் என்று தெளிந்த முகத்தோடு பேசினாள்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு நடக்கப் போனாள். வழி தெரிவதற்காகப் பனியில் கொம்பு நட்டிருப்பார்களாம். பனி கொட்டத் தொடங்கியதும் முன்னால் இருந்த கொம்பும் தெரியவில்லை, பின்னால் இருந்ததும் தெரியவில்லை. போன் அறையில் சார்ஜில் இருந்தது. அசையாமல் நின்றாள். தன் மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை என்றாள்.

"யூனி!"

இடது பக்கத்திலிருந்து. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மதியம்தான், ஆனால் இருட்டு. இது பகல் கணக்கா, ராத்திரிக் கணக்கா என்று அந்த நேரத்திலும் யோசித்திருக்கிறாள். அடுத்த குரலுக்குக் காத்திருந்தாள். கால்விரல்கள் மரத்துப்போயின. குரல் வரவில்லை.

"ஒவ்வொரு வாட்டியும் வந்து கூப்ட்டு, நான் பேசாம இருக்கறத பாத்துட்டு திரும்பிப் போறாண்ணா," என்று பிறகு என்னிடம் சொன்னாள். "அதுவும் அந்தக் குளுர்ல. வெறுங்காலோட."

"ஆங்! இங்கதாம்மா இருக்கேன்!" என்று கத்தினாள். கூட்டிக்கொண்டு போனால் போகட்டும் என்றுதான் கத்தினாள். தொடங்கியது நிற்கவில்லை. லீவு கேட்டது, அவர்கள் கொடுக்காதது, சிக்னல் போனது என்று எல்லாவற்றையும் தொண்டை கட்டும்வரை அந்த இருட்டிடம் சொன்னாள்.

அந்தச் சத்தம்தான் அவளைக் காப்பாற்றியது. ஆளைக் காணோமே என்று டார்ச்சோடு கிளம்பிய வீட்டுக்காரம்மா ஏரிப் பக்கம் தேடப் போயிருக்கிறார். புரியாத மொழியில் யாரோ கத்துவது கேட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மாதான் கூப்ட்டிருக்கும்," என்றேன்.

"அவங்களுக்கு நான் யூனிஸ். யூனின்னு கூப்பிட அங்க யாருண்ணா இருக்கா?"

மே மாதம் வீட்டுக்கு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே இருப்பாள். திடீரென்று பின்வாசலைப் பார்த்து "ஆங், வரேம்மா" என்று எழுந்து போவாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து மீதியை நறுக்குவாள். என் மனைவி பெபி நடுங்கிப்போனாள்.

"பாஸ்டர கூப்ட்டு ஜெபம் பண்ணுங்க. உங்க தங்கச்சிய அத்த கூட்டிகினு போய்டும்."

"போறதா இருந்தா பனியிலயே போயிருப்பேன் அண்ணி," என்று யூனிஸ் சிரித்தாள். "பதில் சொன்னா போதும். அவளே போய்டுறா."

அவள் கிளம்பும் நாள், ஆட்டோவில் பெட்டியை ஏற்றியாகிவிட்டது. ஒரு காலை உள்ளே வைத்தவள் வீட்டைத் திரும்பிப் பார்த்து, "ஆங்?" என்றாள். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். வீட்டில் யாரும் இல்லை. பூட்டியவன் நான்தான், பூட்டை இழுத்தும் பார்த்திருந்தேன்.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டால் எனக்கும் கேட்குமோ என்று வாசலிலேயே நின்றேன். பெபிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏறுங்க, ரயிலுக்கு நேரமாச்சி," என்றாள்.